கடலோர ஏரிகளைச் செயற்கைக்கோள் படங்களில் கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காயலின் நீர்ப்பரப்பு, முகத்துவாரம், பாசி, கலங்கல், நீர்த்தாவரங்கள் ஆகியவை எப்படி மாறிவருகின்றன என்பதை இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்டறிய விரும்புவோருக்காக எழுதியது. சாதாரண மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

எதையெல்லாம் பார்க்கலாம்? எதைப் பார்க்கவே முடியாது?

கேமரா வகைச் செயற்கைக்கோளுக்குக் கிடைப்பது தண்ணீரிலிருந்தும் நிலத்திலிருந்தும் திரும்பி வரும் ஒளி மட்டுமே. ஒளியை மாற்றக்கூடியவை படத்தில் பதியும்: கரையின் எல்லை, மணல்திட்டு, முகத்துவாரத்தின் அகலம், மிதக்கும் செடிகள், கலங்கல், பாசியின் பச்சையம், ஏரியைச் சுற்றி முளைக்கும் இறால் பண்ணைகள். ஒளியை மாற்றாதவை பதியாது. கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட், கன உலோகங்கள் எல்லாம் இந்த வகை. இவற்றைச் "செயற்கைக்கோளிலிருந்து அளந்தோம்" என்று ஓர் அறிக்கை சொன்னால், உண்மையில் அளந்தது கலங்கலையோ பச்சையத்தையோதான். மற்றது அந்த இரண்டோடும் சேர்ந்து ஏறி இறங்கும் என்ற ஊகம். அந்த ஊகம் ஓர் ஏரியில் பொருந்தும், பக்கத்து ஏரியில் பொருந்தாது.

உப்புத்தன்மையை அளக்கும் மைக்ரோவேவ் கருவிகள் விண்ணில் உண்டு. ஆனால் அவற்றின் ஒரு பிக்சலே சுமார் 40 கி.மீ. அகலம். பெரும்பாலான காயல்கள் அந்த ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

எந்தச் செயற்கைக்கோளை எடுப்பது?

பத்தில் எட்டு வேலைகளுக்கு லேண்ட்சாட்டும் சென்டினல்-2 உம் போதும்.

நீண்டகால வரலாறு வேண்டுமென்றால் லேண்ட்சாட். பிக்சல் 30 மீட்டர். ஒரே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறை வரும். லேண்ட்சாட் 8 (2013), 9 (2021) இரண்டும் இப்போது மாறிமாறி வருவதால் 8 நாளுக்கு ஒரு படம் கிடைக்கும். அண்மைக்கால மாற்றத்தை நுணுக்கமாகப் பார்க்க சென்டினல்-2. முதல் செயற்கைக்கோள் (இனிச் சுருக்கமாகக் கோள்) 2015இல் ஏவப்பட்டது; 2017இல் இரண்டாவது சேர்ந்த பிறகு 5 நாளுக்கு ஒரு படம். நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பேண்டுகள் (தனித்தனியாகப் பதிவாகும் ஒளிப்பட்டைகள்) 10 மீட்டர். சிவப்பு விளிம்பு, குறுஅலை அகச்சிவப்பு பேண்டுகள் 20 மீட்டர்.

மேகம் விலகாத மாதங்களுக்கு சென்டினல்-1 ரேடார். நூற்றுக்கணக்கான சதுர கி.மீ. பரந்த காயலில் பாசி நாளுக்கு நாள் நகர்வதைப் பார்க்க சென்டினல்-3. அதன் பிக்சல் 300 மீட்டர், ஆனால் 21 பேண்டுகள், கிட்டத்தட்ட தினமும் படம்.

படங்கள் எங்கே கிடைக்கும்? என்ன மென்பொருள் வேண்டும்?

லேண்ட்சாட் படங்கள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்தில்; 2008இலிருந்து முழுக்க இலவசம். சென்டினல் படங்கள் கோப்பர்நிகஸ் பிரவுசரில். பதிவிறக்கிப் பார்க்க க்யூஜிஐஎஸ், ரேடாரையும் நீர்நிறத்தையும் கையாள ஸ்நாப். இரண்டும் இலவச மென்பொருள்கள்.

பத்துப் பதினைந்து படங்களைத் தாண்டினால் பதிவிறக்கம் வேண்டாம். கூகுள் எர்த் எஞ்சினில் சில வரி நிரல் எழுதினால் நூற்றுக்கணக்கான படங்களை அங்கேயே கணக்கிட்டு, முடிவை மட்டும் அட்டவணையாக எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கும் கல்விக்கும் கட்டணமில்லை.

எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகலாம்?

முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டது 1972இல். அந்தக் காலப் படங்கள் 60 மீட்டர் பிக்சலாகத் தரப்படுகின்றன. குறுஅலை அகச்சிவப்பு பேண்ட் கிடையாது. உருப்படியான தொடர் 1984இல் லேண்ட்சாட் 5 உடன்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கோளில் படங்களைச் சேமித்து வைக்கும் வசதி இல்லை. தரைநிலையம் எட்டும் இடங்களின் படங்களே இறங்கின. அதனால் 1980களின் பிற்பகுதி, 1990களில் பல கடற்கரைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு படங்கள்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒன்றுமே இருக்காது.

இன்னும் பின்னே போக, 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995இல் ரகசியம் நீக்கப்பட்ட கொரோனா உளவுப் படங்கள் உள்ளன. கறுப்பு வெள்ளைதான், ஆனால் பிற்காலப் படங்கள் 2 மீட்டர் அளவுக்குத் துல்லியமானவை. முகத்துவாரமும் மணல்திட்டும் அப்போது எங்கே இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. புவியிடப்படுத்தாமல், அதாவது வரைபடத்தில் அதன் இடம் குறிக்கப்படாமல், வருவதால் கோயில், பழைய பாலம், சாலைச் சந்திப்பு போன்ற அசையாத புள்ளிகளை வைத்து நீங்களே பொருத்த வேண்டும். படத்தின் ஓரங்கள் வளைந்திருக்கும் என்பதால் நாலைந்து புள்ளிகளோடு நிறுத்திவிடாதீர்கள்.

1990 படத்தையும் 2024 படத்தையும் பக்கத்தில் வைத்தாலே ஏரி சுருங்கியது தெரிகிறதே, பிறகென்ன?

இந்தத் துறையில் அதிகம் பரவும் தவறு இதுதான். இரண்டு படங்கள் இரண்டு நாட்களைக் காட்டுகின்றன, அவ்வளவே.

ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பாருங்கள். கோடையில் சுமார் 906 ச.கி.மீ., மழைக்காலத்தில் சுமார் 1,165 ச.கி.மீ. என்று வழக்கமாகக் குறிப்பிடுவார்கள். ஒரே ஆண்டுக்குள் கால் பங்குக்கு மேல் வேறுபாடு. 1990இல் நவம்பர்ப் படமும் 2024இல் மே மாதப் படமும் எடுத்தவர் "ஏரி கால்வாசி அழிந்துவிட்டது" என்பார். மாதங்களை மாற்றி எடுத்தவர் "ஏரி வளர்ந்துவிட்டது" என்பார். இருவர் கையிலும் படம் இருக்கும். பழவேற்காடு ஏரியின் வடபகுதி கோடையில் வறண்டு சேற்றுவெளியாவது ஆண்டுதோறும் நடப்பது. அந்த மாதப் படத்தைக் காட்டி ஏரி செத்துவிட்டது என்று யாரும் சொல்லலாம்.

செய்ய வேண்டியது: ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவச் சாளரத்தில், உதாரணமாக மழை நின்று ஆறு வாரம் கழிந்த பிறகு வரும் 45 நாட்களில், மேகமில்லாத எல்லாப் படங்களையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பரப்பைக் கணக்கிட்டு, அந்த ஆண்டுக்கான இடைநிலை மதிப்பைக் குறியுங்கள். கோடைக்கும் இதேபோல் தனி வரிசை. இரண்டு வரிசைகளும் ஒரே திசையில் போனால் ஏரி உண்மையாகவே மாறுகிறது என்று பேசத் தொடங்கலாம். கோடை வரிசை மட்டும் இறங்கினால் நீர்வரத்தையும் முகத்துவாரத்தையும் முதலில் சந்தேகியுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் இரண்டிலும் தெரியும்.

ஓதம் கணக்கை எவ்வளவு குழப்பும்?

ஓதம் என்பது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். தட்டையான கரை என்றால் மோசமாகக் குழப்பும். சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டம் 30 செ.மீ. ஏறினாலே கரைக்கோடு 300 மீட்டர் உள்ளே போய்விடும். சென்டினல்-2இல் அது 30 பிக்சல். முகத்துவாரத்துக்கு அருகே ஓதத்தின் பாதிப்பு அதிகம், உள்ளே போகப்போகக் குறையும், நேரமும் பிந்தும். எனவே கடற்கரை ஓத அட்டவணையை அப்படியே ஏரியின் உட்பகுதிக்குப் பொருத்தக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லேண்ட்சாட், சென்டினல்-2 கோள்கள் எப்போதும் உள்ளூர் நேரம் காலை 10 முதல் 10.30 வரையிலான பொழுதில்தான் கடக்கின்றன. சூரியனால் எழும் அரைநாள் ஓதம் சரியாக 12 மணி நேரச் சுழற்சி. ஆகவே ஒவ்வொரு படத்திலும் அது ஏறக்குறைய ஒரே நிலையில்தான் சிக்கும். விளைவு, எத்தனை ஆண்டுப் படங்களைச் சேர்த்தாலும் ஓதத்தின் உச்சமோ அடிமட்டமோ படத்தில் வராமலே போகக்கூடிய கரைகள் உண்டு. "மிகக் குறைந்த நீர்ப்பரப்பு" என்று நீங்கள் கண்டது, காலை பத்தரை மணிகளில் மிகக் குறைந்தது; அவ்வளவே.

காற்றும் இதே வேலையைச் செய்யும். பிரேசிலின் பாட்டோஸ் காயலில் நீர்மட்டத்தை ஓதத்தைவிடக் காற்றே அதிகம் ஆட்டுகிறது. ஒன்றிரண்டு மீட்டர் ஆழமுள்ள நீண்ட ஏரியில் நாள் முழுக்க ஒரே திசைக் காற்று அடித்தால் தண்ணீர் ஒரு முனையில் குவியும், மறுமுனையில் சேறு தெரியும். அன்றைய படத்தில் இரண்டும் இருக்கும். ஏரிக்குள் நீர்மட்டம் காட்டும் ஒரே ஓர் அளவுகோல் கம்பமாவது இருந்து அதன் தினசரி அளவீடு கிடைத்தால், ஒரே நீர்மட்டம் உள்ள நாட்களின் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். வேறெந்தத் திருத்தமும் அதற்கு ஈடாகாது.

நீர்ப்பரப்பை அளக்கும் வழிமுறை என்ன?

1. ஏரியின் அதிகபட்ச நீர்ப்பரப்பைவிட ஒரு கி.மீ. வெளியே எல்லை வரைந்து, கடல் பக்கத்தை மணல்திட்டின் நடுவே வெட்டுங்கள். முகத்துவாரத்தில் ஒரு நேர்கோடு போட்டு, அதை ஒருபோதும் மாற்றாதீர்கள். கோடு மாறினால் பரப்பும் மாறும்.
2. மேற்பரப்புப் பிரதிபலிப்பாகத் திருத்தப்பட்ட (வளிமண்டலத்தின் தாக்கம் கழிக்கப்பட்ட) படத்தையே எடுங்கள். லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பில் பிக்சல் எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். சென்டினல்-2இல் 10,000 ஆல் வகுக்க வேண்டும். புதிய படங்களில் அதற்கு முன் 1,000 கழிக்க வேண்டும்.
3. மேகம், மேகநிழல், மெல்லிய வெண்மேகம் ஆகியவற்றை நீக்குங்கள். ஏரியின் எல்லைக்குள் 5 விழுக்காட்டுக்கு மேல் மறைந்திருந்தால் அந்தப் படத்தைப் பரப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொத்தப் படத்தின் மேக விழுக்காட்டை நம்ப வேண்டாம். படத்தில் 60 விழுக்காடு மேகம் இருந்தும் ஏரிக்கு மேல் வானம் தெளிந்திருக்கலாம்.
4. நீர்க் குறியீட்டைக் கணக்கிடுங்கள். பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிடபிள்யூஐ. அண்மை அகச்சிவப்புக்குப் பதில் குறுஅலை அகச்சிவப்பை வைத்தால் எம்என்டிடபிள்யூஐ. சென்டினல்-2இல் முன்னதற்கு பி3, பி8 பேண்டுகள். பின்னதற்கு பி3, பி11.
5. வரம்பு வைத்துத் தண்ணீர், நிலம் என்று பிரியுங்கள். ஏரியோடு ஒட்டாத சிறு துண்டுகளை நீக்குங்கள். இறால் பண்ணைக் குளங்களும் உப்பளங்களும் தண்ணீராகத்தான் தெரியும். அவற்றைக் கையால் வரைந்து தனி அடுக்காக வையுங்கள்.
6. பிக்சல்களை எண்ணிப் பரப்பாக்கும்போது யுடிஎம் வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைகளில் ஒன்று) இருக்கிறீர்களா என்று பாருங்கள். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீழலில் கணக்கிட்டால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிப்போகும்.

அந்த 1,000 ஐக் கழிக்க மறந்தால் அவ்வளவு பெரிய தவறா?

பெரிய தவறுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் பச்சைப் பிரதிபலிப்பு 0.06, அண்மை அகச்சிவப்பு 0.02 என்றால் என்டிடபிள்யூஐ 0.5. இரண்டிலும் 0.1 கூடிவிட்டால் 0.16, 0.12, குறியீடு 0.14 ஆகச் சரியும். தண்ணீரில் ஒன்றும் மாறவில்லை; குறியீடு மட்டும் விழுந்துவிட்டது.

இந்தச் செயலாக்க மாற்றம் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25. உங்கள் வரிசை அந்த மாதத்தில் திடீரென்று குதித்தால் ஏரியைத் தேட வேண்டாம், கோப்பைத் தேடுங்கள். பழைய படங்களும் புதிய முறையில் மறுசெயலாக்கம் செய்யப்பட்டு வருவதால், படத்தின் தேதியை நம்பாமல் கூடவே வரும், படத்தின் விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டா கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. எர்த் எஞ்சினில் "ஹார்மொனைஸ்டு" என்று பெயருள்ள தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

வரம்பு பூஜ்யம் என்று வைத்தால் போதாதா? எந்தக் குறியீடு நல்லது?

பூஜ்யம் தொடக்கப் புள்ளிதான். என்டிடபிள்யூஐ கலங்கிய தண்ணீரைத் தவறவிடும். மிதக்கும் வண்டல் அண்மை அகச்சிவப்பை உயர்த்திவிடுவதால் செந்நிற வெள்ளநீர் நிலமாகத் தெரியும். எம்என்டிடபிள்யூஐ அதைச் சரியாகப் பிடிக்கும், ஆனால் ஈரச்சேற்றையும் ஈரமான உப்புப் படிவையும் தண்ணீர் என்று சொல்லிவிடும். வெள்ளக்காலத்துக்கு எம்என்டிடபிள்யூஐ, சேறு வெளிப்படும் கோடைக்கு என்டிடபிள்யூஐ என்பது நல்ல நடைமுறை. ஆனால் பருவத்துக்கு ஒரு குறியீடு என்று முடிவெடுத்தால் எல்லா ஆண்டுகளுக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

வரம்பைத் தானாகக் கண்டுபிடிக்க ஓட்சு முறை உள்ளது. குறியீட்டு மதிப்புகள் எத்தனை பிக்சல்களில் வருகின்றன என்று காட்டும் வரைபடத்தில் நீருக்கு ஒரு குன்று, நிலத்துக்கு ஒரு குன்று என இரண்டு தெளிவாக எழுந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். எல்லைக்குள் 95 விழுக்காடு தண்ணீரே இருந்தால் தெளிந்த நீருக்கும் கலங்கிய நீருக்கும் நடுவே போய் வெட்டிவிடும். கரைக்கோட்டின் இருபுறமும் 500 மீட்டர் பட்டையில் மட்டும் ஓட்சுவை ஓட்டினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீரும்.

கிடைக்கும் பரப்பு எவ்வளவு துல்லியம்?

ஏரியின் அளவைவிட அதன் கரைநீளமே இதைத் தீர்மானிக்கிறது. 120 கி.மீ. கரை உள்ள ஏரியில் கரைக்கோடு முழுதும் ஒரே பக்கமாக அரை பிக்சல் விலகினால், லேண்ட்சாட்டில் 120 × 0.015 = 1.8 ச.கி.மீ. பிழை, சென்டினல்-2இல் 0.6 ச.கி.மீ. அங்கங்கே ஏறியும் இறங்கியும் விலகினால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் வரம்பைத் தவறாக வைத்தால் விலகல் ஒரே பக்கமாகத்தான் இருக்கும். 30 மீட்டர் படங்களிலிருந்து 10 மீட்டர் படங்களுக்கு வரிசையின் நடுவே தாவுவது இதனால்தான் ஆபத்து. இரண்டும் கிடைக்கும் ஆண்டுகளில் இரண்டிலும் கணக்கிட்டு, வேறுபாட்டைப் பார்த்த பிறகே இணையுங்கள்.

"ஆண்டுக்கு 0.2 ச.கி.மீ. குறைகிறது" என்று இரண்டு படங்களை மட்டும் வைத்து எழுதுகிறவரிடம் கரைநீளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

மழைக்காலம் முழுக்க மேகம். என்ன செய்வது?

ரேடார் மேகத்தைக் கண்டுகொள்ளாது. சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. அமைதியான தண்ணீரில் பட்டு அது வேறு பக்கம் தெறித்துவிடுவதால் ஏரி கருமையாகத் தெரியும். விவி முனைவாக்கத்தில் (அலை அதிரும் திசையைக் குறிப்பது; செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறுவது விவி, கிடைமட்டமாகப் பெறுவது விஎச்) −15 முதல் −18 டெசிபல் வரையிலான இடத்தில் வரம்பு பெரும்பாலும் அமையும். அதையும் உங்கள் ஏரிக்குத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஸ்நாப்பில் வரிசை இது: சுற்றுப்பாதைத் திருத்தம், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவீட்டுத் திருத்தம், புள்ளி இரைச்சல் வடிகட்டல், நிலவடிவத் திருத்தம், கடைசியில் டெசிபலாக மாற்றம்.

மூன்று இடங்களில் சறுக்கும். காற்றடித்து அலை எழுந்தால் தண்ணீர் வெளிறி நிலம் போலாகும். விஎச் முனைவாக்கம் இதற்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். விடியற்காலைப் படத்தில் காற்று பெரும்பாலும் குறைவு என்பதால் மாலைப் படத்தைவிட அதற்கு முன்னுரிமை கொடுங்கள். இரண்டாவது, தண்ணீரில் நிற்கும் நாணலும் அலையாத்தியும்: ரேடார் அலை தண்ணீரிலும் தண்டிலும் மாறிமாறிப் பட்டுத் திரும்புவதால் வெள்ளம் சூழ்ந்த இடம் காய்ந்த இடத்தைவிடப் பளிச்சென்று தெரியும். மூன்றாவது, வறண்ட வழவழப்பான மணல்வெளியும் தார்ச்சாலையும் தண்ணீர் போலவே கருமையாக இருக்கும். இவற்றைக் கோடைகாலக் கேமரா படத்தைக் கொண்டு முன்கூட்டியே மறைத்துவிடுங்கள்.

2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதாகி நின்றது. 2024 டிசம்பரில் 1சி ஏவப்படும்வரை பல இடங்களுக்கு 12 நாளுக்கு ஒரு படம்தான், சில இடங்களுக்கு அதுவும் இல்லை. வரிசையில் இடைவெளி தெரிந்தால் காரணம் அது.

தண்ணீரின் நிறத்திலிருந்து பாசியையும் கலங்கலையும் எப்படிக் கண்டறிவது?

இங்கே வேலை கடினமாகிறது. நிலத்தோடு ஒப்பிட்டால் தண்ணீர் மிகக் கறுப்பு. கோளை எட்டும் ஒளியில் மிகப் பெரும்பகுதி நடுவில் உள்ள வளிமண்டலத்திலிருந்து வருவது. தண்ணீர் அனுப்புவது மிச்சமிருக்கும் சொற்பம். வளிமண்டலத்தைக் கழிப்பதில் சிறு தவறு நேர்ந்தாலும் பாசியின் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் மேற்பரப்புப் பிரதிபலிப்புப் படங்கள் நிலத்துக்காகத் திருத்தப்பட்டவை. நீர்ப்பரப்பை அளக்க அவை தாராளமாகப் போதும். நீரின் தரத்துக்குப் போதாது. அதற்கு, வளிமண்டலத் திருத்தம் செய்யாத முதல்நிலைப் படத்தை எடுத்து, நீருக்கென உள்ள அக்கோலைட் மென்பொருள் அல்லது ஸ்நாப்பில் உள்ள சி2ஆர்சிசி வழியே திருத்த வேண்டும். கலங்கலான ஆழமற்ற காயலுக்கு அக்கோலைட்டில் தொடங்குவது நல்லது. சி2ஆர்சிசி பயிற்சி பெற்ற நீர்வகைகளுக்கு வெளியே உங்கள் ஏரி இருந்தால், அது தடுமாறாமல் தவறான எண்ணைத் தரும்.

திருத்திய பின் கலங்கலுக்குச் சிவப்பு பேண்டைப் பாருங்கள். வண்டல் ஏற ஏறச் சிவப்பின் பிரதிபலிப்பும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் நிறைவடைந்து நின்றுவிடும். வெள்ளநீரில் அந்த நிலை வந்தால் அண்மை அகச்சிவப்பான பி8ஏ பேண்டுக்கு மாற வேண்டும். பாசிக்கு, நீலம்–பச்சை விகிதம் திறந்த கடலுக்கு உகந்தது; இலைதழைச் சாறும் வண்டலும் கலந்த காயலில் அது பொய் சொல்லும். சிவப்பையும் சிவப்பு விளிம்பையும் ஒப்பிடும் என்டிசிஐ இங்கே பொருத்தம்: (பி5 − பி4) ÷ (பி5 + பி4). பச்சையம் 665 நானோமீட்டரை விழுங்கி, 705 பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் இயல்பைப் பயன்படுத்துவது இது. லேண்ட்சாட்டில் சிவப்பு விளிம்பு இல்லை; அதனால் லேண்ட்சாட்டைக் கொண்டு 2015க்கு முந்தைய பாசி வரலாற்றை இந்த முறையில் கட்ட முடியாது.

என்டிசிஐ 0.1 என்றால் எத்தனை மைக்ரோகிராம் பச்சையம்?

உங்கள் ஏரியின் நீர்மாதிரி இல்லாமல் சொல்லக் கூடாது. வேறோர் ஏரிக்கான சமன்பாட்டை எடுத்துப் போட்டால் எண் கிடைக்கும், அர்த்தம் கிடைக்காது. மாதிரி எடுக்க வாய்ப்பில்லையென்றால் குறியீட்டை அப்படியே விட்டு, "இந்த இடம் வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம்" என்று மட்டும் பேசுங்கள். எச்சரிக்கைக்கு அது போதும்.

எடுப்பதானால்: கோள் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 3 மணி நேரத்துக்குள். கரையிலிருந்து சில நூறு மீட்டராவது தள்ளி. கரையின் செடிகொடிகளில் பட்ட ஒளி வளிமண்டலத்தில் சிதறிப் பக்கத்து நீர்ப் பிக்சலில் கலந்துவிடும், அது பாசி போலவே தோன்றும். ஜிபிஎஸ் புள்ளியைச் சுற்றி 3×3 பிக்சல்களின் இடைநிலையை எடுங்கள். ஒன்பதும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால் அந்தப் புள்ளியைக் கைவிடுங்கள். செக்கித் தட்டு (நீருக்குள் இறக்கித் தெளிவை அளக்கும் வட்டத் தட்டு) அளவையும் ஆழத்தையும் கூடவே குறியுங்கள். படகின் இயந்திரம் கலக்கிய தண்ணீரில் மாதிரி எடுத்தால் எல்லாம் வீண்; வேகம் தணிந்ததும் முன்பக்கத்திலிருந்து எடுங்கள்.

ஆழமற்ற தெளிந்த இடத்தில் எப்போதும் பாசி அதிகமாகக் காட்டுகிறதே?

தரையில் உள்ள கடற்புல் தெரிகிறது. செக்கித் தட்டு ஏரியின் அடிவரை தெரியும் இடங்களை நீர்த்தரக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கடற்புல்லையே கண்காணிக்கும் நோக்கமென்றால் அதே தெளிவு வரம். ஸ்பெயினின் மார் மெனோர் காயல் சுமார் 135 ச.கி.மீ.; விவசாய உரக்கழிவால் 2016இல் நீர் பச்சைக்குழம்பாகி, ஒளி எட்டாமல் அடித்தள நீர்த்தாவரங்களில் பெரும்பகுதி மடிந்தது. தண்ணீர் கலங்கிய மாதங்களில் படத்தில் தரை தெரியாது. பரப்பின் இழப்பை அளக்க வேண்டுமானால் நீர் மறுபடி தெளிந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். "தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று கணக்கில் எழுதிவிடும் தவறு இத்தகைய இடங்களில்தான் நடக்கும்.

படத்தில் தண்ணீர் பளபளவென்று வெளுத்திருக்கிறது. மேகமும் இல்லை.

சூரியக் கண்ணாடிப்பு: நீர்ப்பரப்பு கண்ணாடி போலச் சூரிய ஒளியை நேரே கோளுக்குத் திருப்புவது. சூரியன் உச்சிக்கு நெருங்கும் மாதங்களில் வெப்பமண்டலத்தில் சகஜம். சென்டினல்-2இல் பட்டை பட்டையாகவும் தெரியும்; அதன் உணரிகள் சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதே காரணம். பி11 பேண்டில் ஆழ்நீரின் பிரதிபலிப்பு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும், 0.02ஐத் தாண்டினால் கண்ணாடிப்போ மிதக்கும் செடியோ மெல்லிய மேகமோ இருக்கிறது. லேசான கண்ணாடிப்பைத் திருத்தலாம். கடுமையானால் படத்தை ஒதுக்குங்கள்.

ஆகாயத்தாமரை, நாணல், பாசிப்படலம்: மூன்றும் பச்சைதான். எப்படிப் பிரிப்பது?

ஒரே படத்தில் பிரிக்க முயன்றால் தோற்பீர்கள். அசைவைப் பாருங்கள். நாணல் வேரூன்றி நிற்பது. ஐந்து நாள் கழித்தும் அதே பிக்சலில் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு மெல்லப் பரவும். ஆகாயத்தாமரை காற்றோடு இடம்பெயரும். பாசிப்படலம் காலையில் இருந்து மாலையில் கலைந்துவிடும், இழை இழையாகத் தெரியும். ரேடாரும் கைகொடுக்கும்: ஆகாயத்தாமரை மேடு பளிச்சென்று எதிரொலிக்கும், மெல்லிய பாசிப்படலம் நீரின் சிற்றலையை அமுக்கிவிடுவதால் சுற்றியுள்ள நீரைவிடக் கருமையாகக்கூடத் தெரியும்.

உப்பேற்றத்தை ஆகாயத்தாமரை தாங்காது. கேரளத்தின் வேம்பநாட்டில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகள் மூடியிருக்கும் மாதங்களில் தென்பகுதி நன்னீராகி அது தழைக்கும். கதவு திறந்து கடல்நீர் ஏறினால் மடியும். இப்படிப்பட்ட ஏரிகளில் செடியின் பரப்பை வரைபடத்தில் குறிக்கும்போது கதவுகள் திறந்து மூடிய தேதிகளையும் அதே வரைபடத்தில் குறித்துவிட்டால் பாதி விளக்கம் தானே வந்துவிடும்.

முகத்துவாரம் நகர்வதையும் மூடுவதையும் பார்ப்பது எப்படி?

இதற்குக் குறியீடுகூடத் தேவையில்லை. 10 மீட்டர் படமும் கண்ணும் போதும். மணல்திட்டுக்குக் குறுக்கே நிலையான ஒரு கோட்டுத் தொடரை 50 மீட்டர் இடைவெளியில் வரைந்து, ஒவ்வொரு படத்திலும் எந்தக் கோடு முதல் எந்தக் கோடு வரை தண்ணீர் என்று எழுதுங்கள். முகத்துவாரத்தின் இடமும் அகலமும் அதிலேயே வந்துவிடும். 20 மீட்டருக்குக் குறைந்த வாய்க்காலை 10 மீட்டர் பிக்சலில் நம்பகமாகப் பார்க்க முடியாது. மூடியதா திறந்ததா என்ற கேள்விக்கு, நுரைத்த அலை முகப்பில் தொடர்ச்சியாக இருக்கிறதா, ஏரியிலிருந்து கலங்கல் நாக்கு கடலுக்குள் நீள்கிறதா என்று பாருங்கள். நாக்கு நீண்டால் திறந்திருக்கிறது.

சிலிகாவில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டதைப் போன்ற நிகழ்வுகளுக்கு முன்னும் பின்னும் தனித்தனி வரிசையாகப் பாருங்கள். நடுவே ஒரே நேர்கோடு வரைந்து போக்கு சொல்வது பொருளற்றது.

நீர்மட்டத்தையும் விண்ணிலிருந்து அளக்க முடியுமா?

முடியும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், 250 மீட்டருக்கு 250 மீட்டரைவிடப் பெரிய ஏரிகளின் நீர்மட்டத்தைப் பரப்பாகவே அளக்கிறது. 21 நாள் சுழற்சி. ஐஸ்சாட்-2 கோளின் லேசர் 91 நாளுக்கு ஒருமுறை சில கோடுகளில் மட்டும் அளக்கும். தெளிந்த நீரில் அடித்தளத்தையும் தொடும். ஸ்வாட் மட்டத்தையும் அதே வாரப் பரப்பையும் சோடி சோடியாகக் குறித்தால், மட்டம்–பரப்பு வளைகோடு கிடைக்கும். கம்பமே இல்லாத ஏரிக்கு அது பெரிய கொடை.

2003க்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் கறுப்புக் கோடுகள் ஏன்?

2003 மே 31இல் அதன் வரித்திருத்தி (படத்தின் வரிகளை இடைவெளியின்றி அடுக்கும் கருவி) பழுதானது. ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 விழுக்காடு பிக்சல்கள் இல்லை. நடுவே 22 கி.மீ. பட்டை மட்டும் முழுமையாக இருக்கும். ஏரி அந்தப் பட்டையில் விழுந்தால் கவலையில்லை. கோடுகளை அக்கம்பக்கப் பிக்சலால் நிரப்பும் கருவிகள் அழகான படம் தரும். பரப்புக் கணக்குக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். லேண்ட்சாட் 5 படமெடுப்பதை நிறுத்திய 2011 நவம்பர் முதல் லேண்ட்சாட் 8 வரும்வரை இந்தக் கோடுபோட்ட படங்கள் மட்டுமே உள்ளன.

நீர் வெப்பநிலை?

லேண்ட்சாட்டில் உண்டு: இரண்டாம் தொகுப்பின் வெப்ப பேண்டில் பிக்சல் எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின். லேண்ட்சாட் 8, 9இல் வெப்ப உணரியின் உண்மைப் பிக்சல் 100 மீட்டர் என்பதால் கரையோரம் 200 மீட்டரை விட்டுவிடுங்கள். அளப்பது மேல்தோலின் வெப்பத்தை மட்டும்.

ஒரு போக்கு உண்மைதானா என்று எப்படி உறுதி செய்வது?

பருவ வரிசையில் போக்கு தற்செயலா என்று சோதிக்கும் மான்–கெண்டால் சோதனையும், ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்ற சரிவுக்கு சென் முறையும் போதும். விலகிய ஓரிரு ஆண்டுகள் இவற்றை அதிகம் அசைக்காது. ஆனால் சோதனைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: ஏரிக்குப் பக்கத்தில் மாறவே மாறாத ஒரு பரப்பை, விமான ஓடுதளத்தையோ பெரிய கட்டடக் கூரையையோ தேர்ந்து, அதன் பிரதிபலிப்பையும் அதே வரிசையில் வரையுங்கள். ஓடுதளத்திலும் "போக்கு" தெரிந்தால் மாறியது கருவியோ திருத்தமோதான்.

நீர்–நிலப் பிரிப்பைச் சரிபார்க்க, வகைக்கு 50 புள்ளியாவது சீரற்ற முறையில் தேர்ந்து உயர்துல்லியப் படத்திலோ களத்திலோ பாருங்கள். புள்ளிகள் எல்லாம் நட்ட நடு ஏரியிலும் நட்ட நடு ஊரிலும் விழுந்தால் 98 விழுக்காடு துல்லியம் வரும், அதற்கு மதிப்பில்லை. பாதிப் புள்ளிகள் கரையோரப் பட்டையில் விழும்படி பிரித்துத் தேர்ந்தெடுங்கள்.

முடிவை அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ வைக்க வேண்டும். எதையெல்லாம் பாதுகாக்க வேண்டும்?

வண்ணப் படம் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். வேறொருவர் அதே பாதையில் நடந்து அதே எண்ணை எட்ட முடிய வேண்டும். எனவே வைத்திருக்க வேண்டியவை: பயன்படுத்திய ஒவ்வொரு படத்தின் முழு அடையாள எண், எடுத்த தேதியும் நேரமும், செயலாக்கப் பதிப்பு, எல்லைக்கோட்டின் கோப்பு, வைத்த வரம்பு, நீக்கிய படங்களும் நீக்கிய காரணமும், அன்றைய நீர்மட்டம், நிரலின் பிரதி. நீக்கிய படங்களின் பட்டியல் இல்லாவிட்டால், வசதியான நாட்களை மட்டும் பொறுக்கினீர்கள் என்பார்கள்; அதற்குப் பதில் இருக்காது.